எத்தனை பேரில் இரண்டு பேர்?

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. புதிதாக வந்திருந்த ‘மூன்றாம் தலைமுறை’ கருத்தடை மாத்திரைகளைச் சாப்பிட்டால், ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து பழைய மாத்திரைகளைவிட இரண்டு மடங்கு என்பது செய்தி. ‘இரண்டு மடங்கு’ என்பதைப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் பிடித்துக்கொண்டன. பயந்துபோன பெண்கள் பலர் மாத்திரையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகப் பின்னர் மதிப்பிட்டார்கள்.

ஆய்வுகளில் இருந்தது இதுதான்: பழைய மாத்திரை சாப்பிட்ட பெண்களில் ஏறக்குறைய 7,000 பேரில் ஒருவருக்கு ரத்தக்கட்டி வந்தது, புதிய மாத்திரையில் அது இருவரானது. ஒன்று இரண்டானால் இரண்டு மடங்குதான், பொய்யில்லை. ஆனால் 7,000 என்ற எண் மக்களிடம் போய்ச் சேரவில்லை. கர்ப்ப காலத்தில் ரத்தக்கட்டி வரும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதும் போய்ச் சேரவில்லை.

இப்படி விடுபடும் எண்களைக் கையில் வைத்திருப்பவர் யார்? முனைவர் பட்ட ஆய்வாளர். ஆய்வில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், முடிவு எலியில் கிடைத்ததா மனிதரில் கிடைத்ததா என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எது தெரியும், எது இன்னும் தெரியாது என்ற எல்லையிலேயே அவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். உடல்நலம் பற்றிப் பொதுமக்களுக்கு எழுத அவரைவிடத் தகுதியானவர் குறைவு என்றே நான் நினைக்கிறேன்.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் தன் நிதியில் படிக்கும் முனைவர் பட்ட மாணவர்களுக்காக 1998இல் ஓர் எழுத்துப் போட்டியைத் தொடங்கியது. தங்கள் ஆய்வு ஏன் முக்கியம் என்பதைச் சாதாரண வாசகருக்குப் புரியும்படி அவர்கள் எழுத வேண்டும். ஹீமோகுளோபினின் வடிவத்தைக் கண்டறிந்து 1962இல் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் பெருட்ஸின் பெயரால் அந்தப் பரிசு தரப்படுகிறது. பொது வாசகர்களுக்கும் அருமையான கட்டுரைகள் எழுதியவர் அவர். இந்தியாவிலும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018இல் ‘அவ்சர்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்து, ஆய்வாளர்களின் எளிய கட்டுரைகளுக்குப் பரிசு அறிவித்தது. நல்ல தொடக்கம். ஆனால் பரிசு மட்டும் போதாது. எழுதும் நேரத்தை வீண் என்று நினைக்காத நெறியாளரும் வேண்டும்.

தமிழில் இத்தகைய எழுத்தின் தேவை இன்னும் பெரிது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு உலகப் புகழ்பெற்றது. நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. வீட்டிலிருப்பவர்களுக்கு அதனால் தொற்று கூடிவிடவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு பல நாடுகளின் சிகிச்சை முறையையே மாற்றியது. அதே ஊரில் இன்றும் காசநோய் வந்த மருமகளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறார்கள். காசநோய் காற்றில் பரவுவது, தட்டில் அல்ல. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினால் பரவும் தன்மை விரைவில் குறையும். இதை மாமியாருக்கு விளங்கும் தமிழில் எழுதித் தருவது ஆய்வாளரின் வேலையில் சேராதா?

நம் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குப் பொது வாய்மொழித் தேர்வு உண்டு. யாரும் வரலாம் என்றுதான் அறிவிப்பு ஒட்டுகிறார்கள். வந்து உட்காருவது பெரும்பாலும் துறை மாணவர்கள்தாம். மருத்துவம், உயிரியல் சார்ந்த ஆய்வேடுகளுக்காவது, முடிவுகளை இரண்டு பக்கத் தமிழில் எழுதி அன்றைக்கே கொடுக்க வேண்டும் என்று விதி செய்யலாம். நெறியாளரும் அதைத் திருத்திக் கையெழுத்திடட்டும். ஆய்வுக்காக ரத்தமும் சளியும் கொடுத்த நோயாளிகளுக்கு அந்தப் பக்கங்கள் முதலில் போக வேண்டும்.