டைனோசர் பூங்காவும் அம்மாவின் பின் நம்பரும்

பாலராமபுரம் சாலியர் தெருவில் ஒரு நெசவு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா குழித்தறியில் உட்கார்ந்திருக்கிறாள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் திண்ணையில் இருக்கிறான். வீட்டுக்கு ஒன்றே ஒன்றான ஸ்மார்ட்போன் அவன் கையில். திரையில் ஒரு டைனோசர் பூங்கா. வேலிக்குள் நீண்ட கழுத்தோடு ஒரு டைனோசர் நிற்கிறது. டிக்கெட் எடுத்தவர்கள் வரிசையாக உள்ளே போகிறார்கள். ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு தங்கக் காசு மின்னுகிறது. தொட்டால் காசு பெட்டியில் விழுகிறது.

"அம்மா, நான் தூங்குன நேரத்துலயும் பார்க்குல வருமானம் வந்துருக்கு!"

"அப்படியா மக்கா? சாப்பிட்டுட்டு விளையாடு."

அடுத்த வாரம் அந்தப் பூங்கா 89 ரூபாய்க்கு ஒரு டி-ரெக்ஸைக் காட்டும். அம்மாவின் யுபிஐ பின் அவனுக்குத் தெரியும். பலசரக்குக் கடைக்கு அனுப்பும்போது அவளே சொல்லிக்கொடுத்ததுதான்.

நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வரை எந்த வீட்டிலும் இது நடக்கலாம். 2021இல் எர்ணாகுளம் மாவட்டம் ஆலுவாவில் ஒரு தாயின் கணக்கிலிருந்து ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய் போனது. போலீஸ் விசாரித்தபோது வெளியிலிருந்து யாரும் திருடவில்லை என்று தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் படித்த மகன் ஃப்ரீ ஃபயர் விளையாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்திருந்தான். டைனோசர் பூங்கா துப்பாக்கி விளையாட்டு அல்ல, சாதுவானது. ஆனால் பணம் கேட்கும் வழி இரண்டிலும் ஒன்றுதான்.

இலவச விளையாட்டு எதை விற்கிறது?

இந்த வகை விளையாட்டில் நாம் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. விட்டுவிட்டுப் போனாலும் பூங்கா சம்பாதிக்கும். முதல் கூண்டு சில நொடியில் கட்டி முடியும், இரண்டாவதற்குச் சில நிமிடம் ஆகும். பத்தாவது கூண்டுக்கு வரும்போது பல மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். வருமானம் உயர்வதைவிட அடுத்த கூண்டின் விலை வேகமாக உயரும்படி கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நாம் இல்லாதபோது சேரும் காசுக்கும் ஒரு வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் பெட்டி நிரம்பிவிடும். அதனால்தான் பிள்ளை பாடம் படிக்கும்போதும் எழுந்துபோய்ப் போனைப் பார்க்கிறான்.

காத்திருக்கப் பொறுமை இல்லையா? 30 நொடி விளம்பரம் பார்த்தால் வருமானம் இரண்டு மடங்கு. அதற்கும் பொறுமை இல்லையா? ரூபாய் கொடுத்து வைரக்கல் வாங்கலாம். தறியில் உட்கார்ந்து பழகியவர்களுக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்று தெரியும். ஒரு கசவுச் சேலை இறங்க நாள்கணக்கில் ஆகும், அந்த நாட்கள் துணியில் நிற்கும். இந்தப் பூங்காவிலோ காத்திருப்பை முதலில் உண்டாக்குகிறார்கள், பிறகு அதிலிருந்து விடுபடும் வழியை விற்கிறார்கள்.

நான்கு ஆபத்துகள்

முதலாவது, சில்லறையாகப் போகும் பணம். 'இன்னும் 2 மணி நேரம் மட்டுமே' என்று கடிகாரம் ஓடும் சலுகை மறுநாளும் அதே கடிகாரத்தோடு வரும். வைரக்கல்லில் விலை போட்டிருப்பதால் அது எத்தனை ரூபாய் என்று பிள்ளைக்குப் புரிவதில்லை.

இரண்டாவது, சந்தா. 'விளம்பரமே வராது' என்று சொல்லி வாராவாரம் பணம் பிடிக்கும் ஆட்டோபேயில் சேர்த்துவிடுவார்கள். விளையாட்டைப் போனிலிருந்து நீக்கினாலும் சந்தா நிற்காது. அதைத் தனியாக ரத்துசெய்ய வேண்டும்.

மூன்றாவது, போலிக் கோப்புகள். 'அளவில்லா வைரக்கல் தரும் பதிப்பு' என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றும் கோப்பை நிறுவினால், அது ஓடிபி குறுஞ்செய்திகளையும் படிக்கக்கூடும். வங்கிக் கணக்கு இருக்கும் போனில் அதை ஏற்றவே கூடாது.

நான்காவது, 'டைனோசர் வளர்த்தால் ரொக்கம் எடுக்கலாம்' என்னும் விளம்பரம். திரையில் தொகை ஏறிக்கொண்டே போகும், கையில் வராது. எடுப்பதற்கு முன் 'கட்டணம்' கட்டு என்று கேட்டால் அது மோசடி.

சட்டம் நமக்குத் தரும் உரிமைகள்

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடைசெய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளையாடியவரை அந்தச் சட்டம் தண்டிப்பதில்லை. ஆகவே ஏமாந்தவர் பயந்து ஒளிய வேண்டாம், புகார் செய்யலாம். பொழுதுபோக்குக்கான டைனோசர் பூங்கா பொதுவாக இந்தத் தடைக்குள் வராது. அங்கே நமக்குத் துணை நுகர்வோர் சட்டம்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகைத் தந்திரங்களைத் தடைசெய்கின்றன. பொய்யான அவசரம், எளிதில் வெளியேற முடியாத சந்தா, விடாத நச்சரிப்பு, விளம்பரம் என்று தெரியாதபடி மறைத்த விளம்பரம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. திரும்பத் திரும்ப ஓடும் அந்தக் கடிகாரத்தின் மீது புகார் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903இலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருக்கிறது. கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் கம்பெனி எதிர்வாதம் செய்யும். இருந்தாலும் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது 'வாங்கியது சிறுவர்' என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். பிள்ளைகள் பெற்றோர் அனுமதியின்றி வாங்கிய விவகாரத்தில் அமெரிக்க வணிக ஆணையம் தலையிட்டதால், 2014இல் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரும் கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலரும் திருப்பித் தர ஒப்புக்கொண்டன.

பிள்ளையின் விவரங்களுக்கும் காவல் உண்டு. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவை எடுக்கப் பெற்றோரின் சம்மதம் கட்டாயம் என்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து குறிவைக்கும் விளம்பரத்தையும் தடுக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வருகின்றன.

பணம் போய்விட்டால் என்ன செய்வது?

1. முதல் 48 மணி நேரம் முக்கியம். கூகுள் பிளேயில் வாங்கியிருந்தால் அந்த நேரத்துக்குள் பிளே ஸ்டோர் வழியாகவே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதன்பின் விளையாட்டை உருவாக்கிய கம்பெனிக்கு எழுத வேண்டியிருக்கும். ஐபோனில் ஆப்பிளின் 'ரிப்போர்ட் எ பிராப்ளம்' பக்கத்தில் கேட்கலாம். ரசீது மின்னஞ்சல், எஸ்எம்எஸ், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள்.

2. பிள்ளை வாங்கவில்லை, வெளியாள் எடுத்த பணம் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். வெளியாள் செய்த மோசடியில் உங்கள் தவறு இல்லாதபோது, 3 வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி. பின்னை நாமே பிறருக்குச் சொல்லியிருந்தால் இந்தப் பாதுகாப்பு பலவீனமாகிவிடும்.

3. கம்பெனி பதில் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மலையாளப் பள்ளிக்கூடமும் தமிழ் வீடுமாக வாழும் நம் பகுதிக்கு இது வசதி, இரண்டு மொழியிலும் பேசலாம்.

4. அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பாறசாலைக்காரர் திருவனந்தபுரத்திலும் களியக்காவிளைக்காரர் நாகர்கோவிலிலும் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

போகாமல் காக்க

பிளே ஸ்டோர் அமைப்புகளில், வாங்கும்போது ஒவ்வொரு முறையும் சரிபார்ப்புக் கேட்கும்படி மாற்றுங்கள். யுபிஐ பின்னை இன்றே மாற்றுங்கள், புதியதைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, தெரியாத சந்தா இருந்தால் நிறுத்துங்கள். பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி கூகுளின் ஃபேமிலி லிங்கில் இணைத்தால், பிளே ஸ்டோரில் வாங்கும்போது உங்கள் அனுமதி கேட்கும்படி வைக்கலாம்.

தூக்கமும் படிப்பும் சாப்பாடும் கெட்டு, நிறுத்த முடியாமல் மாதக்கணக்கில் விளையாட்டே பிள்ளையை ஆட்டிவைத்தால் அது அடியால் தீராது. உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பிள்ளைகளை டிஜிட்டல் அடிமைத்தனத்திலிருந்து மீட்கக் கேரள போலீஸ் நடத்தும் டி-டாட் மையம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416.

டைனோசர் மேல் பிள்ளைக்கு இருக்கும் ஆசையில் ஒரு குற்றமும் இல்லை. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்துதான் 1980களில் புரூஹத்காயோசாரஸ் என்ற பெருவிலங்குக்குப் பெயர் வைத்தார்கள். விடுமுறைக்கு அந்தப் பக்கம் போனால் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, காட்டிவிட்டு வாருங்கள்.

இன்று ராத்திரி தறி ஓய்ந்தபின் போனைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "உன் பார்க்கைக் காட்டு மக்கா, எந்த இடத்துல காசு கேக்குது?" என்று கேளுங்கள். அவனே விரல் வைத்துக் காட்டுவான். அந்த இடத்துக்குப் பூட்டுப் போட ஐந்து நிமிடம் போதும். இரண்டு பேரும் சேர்ந்தே போடுங்கள்.