இ-பாஸ் வேறு, வன அனுமதி வேறு

மலையில் காட்டுக்குள் திரும்பும் செக்போஸ்ட் எதிலாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வேனில் இருபது பேர் வந்து இறங்குவார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன், முதுகில் மலையைக் காப்பது பற்றி ஒரு வாசகம். வனக்காவலர் அனுமதிக் கடிதம் கேட்டால் கைப்பேசியில் இ-பாஸை நீட்டுவார்கள். இது செல்லாது என்று அவர் சொன்னதும், "நல்லது செய்யத்தானே சார் வந்திருக்கோம்" என்று ஆரம்பிக்கும் பேச்சு, தெரிந்த கட்சிக்காரர் ஒருவருக்குப் போன் போடுவதில் போய் நிற்கும்.

இ-பாஸ் என்பது, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கான பதிவு. எத்தனை வண்டி மலையேறுகிறது என்று தெரிந்துகொள்ளக் கொண்டுவந்தது. அது சாலையோடு சரி. சாலையை விட்டு இறங்கிக் காப்புக்காட்டுக்குள் கால் வைத்தால் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும், சரணாலயத்துக்குள்ளோ புலிகள் காப்பகத்துக்குள்ளோ வைத்தால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் உங்களைப் பிடிக்கும். பின்னதில் பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பனியனில் என்ன அச்சடித்திருக்கிறது என்று சட்டம் பார்ப்பதில்லை.

அடுத்த தவறு 'பெறப்பட்டது' முத்திரை. வன அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, அதையே அனுமதி என்று வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். முத்திரை சொல்வது உங்கள் காகிதம் வந்து சேர்ந்தது என்பதை மட்டும். பதில் வராவிட்டால் சம்மதம் என்றும் ஆகிவிடாது. ரேஞ்சர் வாய்மொழியாக "போயிட்டு வாங்க" என்றாலும் அது அனுமதி அல்ல. நாளைக்கு ஒன்று நடந்தால் அப்படிச் சொன்னதாக அவரும் ஒப்புக்கொள்ளமாட்டார், நிரூபிக்க உங்களாலும் முடியாது. எஸ்டேட் மேனேஜர் கேட்டைத் திறந்துவிட்டார் என்பதும் இதே கதைதான். அவருடைய அதிகாரம் தேயிலை வேலியோடு முடிகிறது.

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று நடந்ததை இன்னும் எத்தனை முறை சொல்ல வேண்டுமோ தெரியவில்லை. காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். நுழைவுச் சீட்டு வாங்கியது ஒரு வழிக்கு, நடந்தது வேறு வழியில் என்று அப்போதே செய்திகள் வந்தன. அதன் பிறகுதான் அரசு விழித்து, அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற இணையப் பதிவில் 40 பாதைகளைத் திறந்தார்கள். அதில் பதிந்து போனால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உங்களுடன் வருவார். வெறுமனே நடந்துவிட்டு வர ஆசைப்படுகிறவர்களுக்கு இதுவே போதும், தனியாக அலைய வேண்டாம். 2025இல் இந்தப் பாதைகளைத் தீக்காலம் கருதிப் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். அந்த மாதங்களில் புல் காய்ந்து கிடக்கும், காற்று மேல்நோக்கி அடிக்கும், சரிவில் மேலேறி வரும் தீயை ஓடி ஜெயிக்க மனிதக் காலால் முடியாது. தீக்காலத்தில் "நாங்க வேற ரூட் போறோம், பயமில்லை" என்று அழைக்கிறவர் யாராக இருந்தாலும் போகாதீர்கள்.

குப்பை பொறுக்குவது, களைச்செடி அகற்றுவது போன்ற தொண்டு வேலைக்குக் கூட்டிப் போகிறவர்கள் விண்ணப்பத்தை மாவட்ட வன அலுவலருக்கு எழுதுங்கள். புலிகள் காப்பகம் என்றால் துணை இயக்குநருக்கு. ரேஞ்சருக்கு நகல் போகட்டும், மூலம் மேலே போகட்டும். 'மலைப்பகுதியில் தூய்மைப் பணி' என்று பொத்தாம் பொதுவாக எழுதுவதுதான் பெரும்பாலும் நிராகரிக்கப்படுகிறது, நியாயமாகவே. எந்த வனச்சரகம், எந்தப் பாதை, எங்கிருந்து எதுவரை, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நுழைந்து எத்தனை மணிக்கு வெளியேறுவீர்கள் என்று எழுதுங்கள். வருகிறவர்களின் பெயர், வயது, கைப்பேசி எண், அடையாள அட்டை நகல், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய வீட்டு எண் கொண்ட பட்டியலை இணையுங்கள். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து தேவை. கல்லூரிக் குழு என்றால் முதல்வரின் கடிதமும் வேண்டும். என்ன கருவிகள் கொண்டுபோகிறீர்கள், முதலுதவி தெரிந்தவர் யார், வண்டி எண் என்ன என்பதும் அதில் இருக்கட்டும்.

நேரில் கொடுத்தால் இரண்டாம் பிரதியில் முத்திரை வாங்குங்கள், தபால் என்றால் விநியோகச் சான்றோடு அனுப்புங்கள். குறைந்தது ஒரு மாதம் முன்னால். 'அடுத்த வாரம் வாங்க' என்று மூன்று முறை சொல்லி, நிகழ்ச்சிக்கு முந்தின நாள் 'ஐயா கேம்ப் போயிருக்காங்க' என்பது சில அலுவலகங்களுக்கு வாடிக்கை. எழுத்தில் மறுக்கக்கூட அவர்களுக்குக் கை வருவதில்லை. அப்படி இழுத்தடித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் பதியலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, இன்ன தேதியில் கொடுத்த விண்ணப்பத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். கோபத்தில் அனுமதியில்லாமல் உள்ளே போய்விடாதீர்கள். அதோடு தவறு அவர்கள் பக்கமிருந்து உங்கள் பக்கம் வந்துவிடும்.

கடிதம் கைக்கு வந்ததும் படியுங்கள். பாதையின் பெயர், தேதி, ஆள் எண்ணிக்கை, நிபந்தனைகள். 20 பேருக்கு வாங்கி 35 பேரோடு போவது அனுமதி இல்லாமல் போவதற்குச் சமம். கலந்துகொள்ளும் சாதாரண ஆளுக்கும் இது பொருந்தும். அமைப்பாளரிடம் கடிதத்தின் படத்தைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால், அந்தப் பகுதியின் சரக அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். இ-பாஸைக் காட்டினால் வேனில் ஏறவே ஏறாதீர்கள்.

சரணாலய அனுமதிக்கான காரணங்களாக வனவிலங்குச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆய்வு, படமெடுத்தல், சுற்றுலா போன்றவற்றை வரிசைப்படுத்துகிறது. சமூக சேவை என்று தனியாக ஒன்று அதில் இல்லை. சரணாலயத்துக்குள் தொண்டு செய்ய வேண்டுமானால் அது வனத்துறையே நடத்தும் பணியாக, துறை ஆட்களோடு நடக்க வேண்டும். செடியைப் பிடுங்கி எடுத்துப்போவதும் அங்கே குற்றம்தான், அது களைச்செடியாகவே இருந்தாலும்.

அறிவில்லாத தொண்டு மலைக்குச் செய்யும் கெடுதல் வேறு. மஞ்சள் பூவைப் பார்த்ததும் அந்நிய மஞ்சக்கொன்றை என்று நினைத்து நம் சரக்கொன்றையை வெட்டுகிறார்கள். மஞ்சக்கொன்றையை மேலோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளையாகத் துளிர்த்து வரும். உண்ணிச்செடியைக் காய் பழுத்த பிறகு இழுத்துப்போனால் வழியெல்லாம் விதைதான். பூக்கும் முன், மண்ணுக்குக் கீழே வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகப் போட வேண்டும். விதைப்பந்து மோகத்தைப் பற்றி என்ன சொல்வது! நீலகிரியின் உயரத்தில் உள்ள புல்வெளி வெறும் தரிசு அல்ல. வரையாடு மேய்வதும், ஓடைக்கு நீர் கசிவதும் அங்கிருந்துதான். வெள்ளைக்காரன் காலத்தில் அதில் வாட்டிலும் தைலமரமும் நட்டதன் விளைவை இன்றும் அகற்றிக்கொண்டிருக்கிறோம். புல்வெளியில் விதைப்பந்து எறியாதீர்கள். வனத்துறை கேட்காமல் எங்குமே எறியாதீர்கள்.

குப்பை பொறுக்குகிறவர்கள் அது எங்கே போகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மூட்டை மூட்டையாகக் கட்டிச் சாலையோரம் வைத்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இரவில் பன்றியும் காட்டுமாடும் பிரித்துப்போட்டுவிடும். பேரூராட்சி செயல் அலுவலருக்கோ நகராட்சி சுகாதார அலுவலருக்கோ முன்கூட்டியே எழுதி, எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எங்கே வந்து எடுக்கும் என்று உறுதி வாங்குங்கள். வாங்காவிட்டால் பொறுக்கியதை உங்கள் வேனிலேயே ஏற்றிப் போங்கள்.

விபத்து நேர்ந்தால்? 108, 112. ஆஸ்பத்திரியில் எங்கே, எப்படி அடிபட்டது என்று உள்ளதைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். யானையோ காட்டுமாடோ தாக்கியிருந்தால் அன்றைக்கே சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார், காவல் நிலையத்தில் மனு ரசீது, சிகிச்சைச் சீட்டுகள் மூன்றும் வேண்டும். இறப்பு என்றால் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ். அரசின் இழப்பீட்டுக்கு இவை அடிப்படை. அனுமதியின்றி நுழைந்தவர் என்று கோப்பில் ஏறிவிட்டால் இழப்பீடு கேட்பதே போராட்டமாகிவிடும்.

'என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்' என்று எழுதி வாங்கியிருக்கிறார்களே என்று பலர் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்து அமைப்பாளரின் அலட்சியத்தைக் கழுவிவிடாது. கட்டணம் வாங்கி நடத்தியிருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 1915இல் வழி கேட்டுக்கொள்ளலாம். ஆகவே பணம் அனுப்பிய ரசீது, அழைப்பிதழ், வாட்ஸாப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். முழுக்க இலவச நிகழ்ச்சிக்கு அந்த வழி பொதுவாக அடைபட்டுவிடும். ஆனால் அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு இலவசம், கட்டணம் என்று பார்க்காது.

கடைசியாக ஒன்று. திரும்பி வந்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். புதரில் உள்ள நுண்ணுண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். கடித்தது தெரியாது. இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு என்று மறைவான இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் சந்தேகம் தீர்ந்துவிடாது. காட்டுக்குள் போய் வந்ததையும் தேதியையும் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையிலேயே கேட்டுவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.