பழுப்பு ஒயருக்குக் காவல் இல்லை

ஸ்டாண்டர்டு ஹெரால்டு செங்கல்பட்டுச் சீமையின் சொந்தக் கார். இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டை மூலமாக வைத்து, 1961 முதல் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் தயாரித்தது. 1968-இல் வந்த நான்கு கதவு மாடல் இந்தியாவுக்கே உரியது. இன்று அதைப் பேணுகிறவர்கள் பெயின்டுக்கும் குரோமியத்துக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒயரிங்கை மட்டும் ‘ஒரிஜினல்’ என்று பெருமையாகச் சொல்லி அப்படியே விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பழைய காரில் முதலில் மாற்ற வேண்டியதே அதுதான்.

அக்காலத்து பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலும் இரண்டே ஃபியூஸ். சிலவற்றில் அதுவும் கிடையாது. ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் இல்லை. ராத்திரியில் ஓடும்போது ஃபியூஸ் போய் விளக்கு ஒரேயடியாக அணைந்துவிடக் கூடாது என்ற யோசனை அதில் இருந்தது. புது ஒயருக்கு அது சரி. இந்தக் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் வண்ண முறையில் பேட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு ஒயர். சாவியை எடுத்துவிட்டாலும் அதில் மின்சாரம் இருக்கும். ஐம்பது அறுபது ஆண்டில் இறுகி வெடித்த அதன் மேலுறை பாடியின் தகட்டில் உரசினால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த நொடியே கொட்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் ஒயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும்.

அப்படிப்பட்ட ஷார்ட் எப்போதாவது நடப்பது. தினமும் நடப்பது வேறு. 60 வாட் பல்புகள் இரண்டு எரிய 10 ஆம்பியர் வேண்டும். போகிற வழியில் ஒரு ஜாயின்ட் தளர்ந்து 0.1 ஓம் தடை உண்டானால் 1 வோல்ட் அங்கேயே வீணாகிறது. வெளிச்சத்தில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். கடலை அளவு இடத்தில் 10 வாட் வெப்பம் உட்கார்ந்துகொள்ளும். வெளிச்சம் போதவில்லை என்று சிலர் 100 வாட் பல்பு மாட்டுவார்கள். மின்னோட்டம் 17 ஆம்பியரை நெருங்கும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியாக ஏறுவதால் அதே ஜாயின்டில் இப்போது 28 வாட். பழைய டைனமோ முழு மூச்சில் தருவதே 22 ஆம்பியர்தான் என்பது தனிக்கதை.

கடலோர ஊரான கடப்பாக்கத்தில் காரை நிறுத்தி வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. ஊருக்கு வடக்கே செய்யூர், தெற்கே மரக்காணம், இரண்டிலும் உப்பளங்கள். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். இந்தக் கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதனால் இணைப்புகளில் படிந்த உப்பு காய்வதே இல்லை. செம்பில் களிம்பு ஏறுகிறது. முறுக்கிய இழைகளின் இடுக்கு வழியே உப்புநீர் உள்ளே ஏறி, மேலுறை நன்றாக இருக்கும்போதே கம்பி கறுத்துப்போகிறது. நுனியை மட்டும் வெட்டிப் புது லக் போடுவது வீண் வேலை.

படகுகளுக்கென்று வரும், வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர்தான் இங்கே தாங்கும். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தால் பழைய சுவிட்ச் சுமக்கிற பாரம் குறையும். இடது, வலது விளக்குக்குத் தனித்தனி ஃபியூஸ் போட்டால் இரண்டும் சேர்ந்து அணையாது. அன்றைய பொறியாளர்களின் பயமும் தீரும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருப்பது அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17தான். இன்றைய பிளேடு ஃபியூஸில் எழுதியிருப்பதோ தாங்கும் அளவையொட்டியது. 35-க்குப் பதில் 35 மாட்டினால் ஃபியூஸ் பிழைக்கும், ஒயர் எரியும்.

ஒரிஜினல் கெட்டுவிடுமே என்ற கவலைக்குச் சட்டத்திலும் இடமில்லை. 50 வயது தாண்டிய வாகனங்களுக்காக 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதி, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. ஒயரிங்கைப் பற்றிப் பேச்சில்லை.

ஸ்டார்ட்டர் கேபிளுக்குச் சாதாரண ஃபியூஸ் போட முடியாது. எஞ்சினைச் சுழற்றும்போது அது இழுக்கிற மின்னோட்டம் அவ்வளவு. அதற்குப் பேட்டரி பக்கத்திலேயே ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டு, ஷெட்டில் நிறுத்தும்போதெல்லாம் திருகிவிட வேண்டும். டேஷ்போர்டுக் கடிகாரம் நின்றுபோகிறதே என்பார்கள். நிற்கட்டும்.