கேதாரம் இறங்கி வரும் காலம்

ஐப்பசி மாதம் பிறந்துவிட்டால் திருப்பனந்தாளைச் சூழ்ந்த வயல்களெல்லாம் நீர் நிறைந்து விளங்கும். சம்பா நாற்று வேர்பிடித்துப் பச்சை கட்டும். சில வயல்களில் தாளடி நடவு நடைபெறும். வடகிழக்குப் பருவக்காற்றுக் கொணரும் மழையால் கதிரவனைக் காண்பதே அரிதாகும் நாள்களும் உண்டு. தமிழகம் ஆண்டு முழுவதும் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்வதாகும். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பொழுதினைப் பண்டைத் தமிழர் கூதிர்காலம் என வழங்கினர்.

அதே ஐப்பசியில் இமயமலைச் சாரலின் தோற்றம் முற்றிலும் வேறானது. அங்கு மழை தருவது தென்மேற்குப் பருவக்காற்று. அது புரட்டாசி மாதத்திலேயே பெரும்பாலும் விலகிவிடும். பின்னர் வானம் தெளியும். மேகத்தில் மறைந்திருந்த பனிமுடிகள் வெளிப்படும். வெயில் இதமாகவும் இரவு கடுங்குளிராகவும் இருக்கும். இப்பருவத்தை வடநாட்டார் சரத்காலம் என்பர். சோழநாட்டு உழவன் நாற்று நடும் நாளில் இமயத்து உழவன் கதிர் அறுக்கின்றான். ஒரே நாட்டில், ஒரே மாதத்தில், இருவேறு பருவங்கள் நிகழ்வது எண்ணி வியக்கத் தக்கதன்றோ?

சோழநாட்டில் உள்ள திருப்பனந்தாளுக்கும் தொலைவிலுள்ள இமயத்திற்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபர அடிகள் தருமபுர ஆதீனத்தைச் சார்ந்தவர். அவர் காசிக்குச் சென்று, கங்கையின் கேதார கட்டத்தில் திருமடம் ஒன்றை நிறுவினார். அவர் வழிவந்தோர் பதினெட்டாம் நூற்றாண்டில் திருப்பனந்தாளில் காசித் திருமடத்தை அமைத்தனர். காசியிலுள்ள கேதார கட்டம், இமயத்தின் உச்சியில் விளங்கும் கேதாரநாதத்தின் பெயரைத் தாங்கியதாகும். அவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே, திருஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதாரத்தைப் பாடியுள்ளனர். அவர்கள் காளத்தியில் இருந்தவாறே அத்தலத்தைப் பாடினர் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. கேதாரம் என்னும் சொல்லுக்கு நீர் நிறைந்த வயல் என்றும் பொருள் உண்டு. நெல்வயல் சூழ்ந்த நாட்டில் பிறந்தோர்க்கு அச்சொல் அயலானதன்று.

கேதாரநாதம் கடல்மட்டத்திற்கு மேல் 3,583 மீட்டர் உயரத்தில், மந்தாகினி ஆறு தோன்றுமிடத்திற்கு அருகில் அமைந்துள்ளது. மரங்கள் வளரும் எல்லையையும் கடந்த உயரம் அது. ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதமே அங்கு மக்கள் வழிபட இயலும். சித்திரை, வைகாசி மாதங்களில் திறக்கப்படும் கோயில், தீபாவளி அமாவாசையை அடுத்து வரும் இரண்டாம் பிறையன்று அடைக்கப்படுகிறது. அதன்பின் குளிர்காலம் முழுவதும் இறைவனுக்கு ஊக்கிமடம் என்னும் சிறு மலைநகரிலுள்ள ஓங்காரேசுவரர் கோயிலில் வழிபாடு நடைபெறும். ஆதலின் அந்நகரைக் காண்பதற்கு ஏற்ற பொழுது கூதிர்காலமே ஆகும்.

ரிஷிகேசத்திலிருந்து செல்லும் மலைச்சாலை முதலில் உருத்திரப் பிரயாகையை அடையும். அலகநந்தையும் மந்தாகினியும் கலக்கும் இடம் அது. அங்கிருந்து மந்தாகினியின் கரையோடு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் ஊக்கிமடம் வரும். ஆற்றின் எதிர்க்கரைச் சரிவில் குப்தகாசி என்னும் ஊர் தெரியும். வாணாசுரன் மகளாகிய உஷையின் பெயரால் ஊக்கிமடம் அப்பெயர் பெற்றது என்பது அங்கு வழங்கும் கதை. நகரின் உயரம் ஏறத்தாழ 1,300 மீட்டர். காலைவேளையில் வடதிசையை நோக்கினால், 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா முதலிய பனிமுடிகள் முதலில் செந்நிறமாகவும் பின்னர்ப் பொன்னிறமாகவும் ஒளிர்வதைக் காணலாம். மழைக்காலத்தில் இக்காட்சி கிடைப்பது அரிது. மழை தூசியைக் கழுவிச் சென்றபின், காற்றில் ஈரம் குறைவதால் தொலைவிலுள்ள முடியும் அண்மையில் இருப்பதுபோல் தோன்றும்.

மலைச்சரிவில் படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களில் நெல்லும் கேழ்வரகும் குதிரைவாலியும் விளைந்து அறுவடையாகும். வெற்றிடமான வயலில் கோதுமை விதைப்பர். பெண்டிர் சரிவுகளில் வளர்ந்த புல்லை அறுத்துக் கட்டாகக் கட்டி, மரக்கிளைகளின்மேல் போராக அடுக்குவர். குளிர்காலத்தில் மாட்டிற்குத் தீனி அதுவே. உயர்ந்த புல்வெளிகளில் கோடை முழுதும் மேய்ந்த ஆட்டுமந்தைகளும் இடையரோடு கீழே இறங்கி வரும். ஆகவே, கண்ணுக்கு இனிய இப்பருவம் மலைவாழ் மக்களுக்கு ஓய்வுக் காலமன்று. வரப்போகும் குளிருக்கு ஆயத்தம் செய்யும் உழைப்புக் காலமாகும்.

மரங்களும் அவ்வாறே ஆயத்தம் செய்கின்றன. தேவதாரு, சீர்மரம் முதலியவை என்றும் பசுமை மாறாதவை. அக்ரோட்டு மரமும், மிக உயரத்தில் வளரும் பூர்ச்ச மரமும் இலை உதிர்ப்பவை. பகல் குறுகிக் குளிர் மிகும்போது, இலையிலுள்ள பச்சையம் சிதைந்து மறைகிறது. அதனால், முன்னரே இலையில் இருந்து பச்சையால் மறைக்கப்பட்டிருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. மரம் இலையின் சத்துகளுள் பலவற்றைத் தன்னுள் இழுத்துக்கொண்டு, இலையைக் கீழே விடுகிறது. பனிக்காலத்தில் வேர்கள் நீரை எளிதில் உறிஞ்ச இயலா. அப்போது இலைகள் நிலைத்திருப்பின் மரத்திலுள்ள நீரெல்லாம் ஆவியாகிக் கேடு விளையும். உதிர்தல் மரத்திற்கு அழிவன்று, உயிர்காக்கும் வழியேயாகும்.

ஊக்கிமடத்தைக் கண்டபின் கேதாரநாதம் செல்ல விரும்புவோர், எதிர்க்கரைச் சாலையால் கௌரிகுண்டம் வரை சென்று, அங்கிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மலைவழியே ஏறுவர். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். ஊக்கிமடத்திற்கும் கேதாரத்திற்கும் உள்ள உயர வேறுபாடு 2,200 மீட்டருக்கு மேற்பட்டது. எனவே, கீழே 20 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்கும் நாளில் மேலே 5 அல்லது 6 பாகையே இருக்கக்கூடும். அங்குள்ள காற்றழுத்தமும் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு அளவினதே. சமவெளியிலிருந்து வருவோர் விரைந்து ஏறினால் தலைவலியும் மூச்சுத்திணறலும் உண்டாகும். இடையிடையே தங்கி மெல்ல ஏறுதலே முறை. துன்பம் மிகுந்தால் உடனே இறங்குதலே மருந்து.

கோயில் அடைக்கப்படும் நாளன்று விடியுமுன்னரே வழிபாடு நிறைவேறும். பின்னர் ஐம்முகம் கொண்ட உற்சவமூர்த்தி, பூக்களால் அணிசெய்யப்பெற்ற பல்லக்கில் எழுந்தருளுவார். தென்னாட்டுத் திருவிழாக்களைக் கண்டவர்க்கு இஃது எளிதில் விளங்கும். பல்லக்கைத் தோளில் சுமந்து மலையிறங்குவோர் வழியில் இராமபூரிலும் குப்தகாசியிலும் இரவு தங்கி, மூன்றாம் நாள் ஊக்கிமடம் சேர்வர். கேதாரத்தின் தலைமைக் குருவை இராவல் என்பர். அவர் கர்நாடகத்து வீரசைவ மரபைச் சேர்ந்தவர். தென்னாட்டுத் துறவி ஒருவரின் தலைமையில் வடகோடித் தெய்வம் மலையிறங்குவதைக் காண ஊக்கிமடத்து மக்கள் தெருவெங்கும் திரள்வர். மேலேயுள்ள கடைகளும் விடுதிகளும் மூடப்படும். கீழ்ப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பூசகரும் வணிகரும் தத்தம் ஊர் திரும்புவர். மலையுச்சி வெறிச்சோடும், மலைநகரம் நிறையும்.

இவ்வாறு இறங்கும் வழக்கத்தின் பின்னே நெடுங்கால அறிவு உளது. பனிக்கு எதிரே நின்று போராடாமல், அதற்கு இடம் விட்டு விலகினர் முன்னோர். அந்த அறிவை மறந்ததன் விளைவு 2013ஆம் ஆண்டு தெரிந்தது. அவ்வாண்டு ஜூன் 16, 17 ஆகிய நாள்களில் பெருமழை பெய்தது. கோயிலுக்கு மேலிருந்த சோராபாரி ஏரி உடைந்தது. பெருவெள்ளம் பாறைகளோடு பாய்ந்து, வழியிலுள்ள ஊர்களை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். கோயிலின் பின்புறம் வந்து தங்கிய பெரும்பாறை ஒன்று வெள்ளத்தை இருபுறமும் பிரித்ததனால் கோயில் தப்பியது. ஆற்றின் பழைய வழித்தடத்தில் கட்டப்பட்டிருந்த கட்டடங்களோ நிற்கவில்லை. நீர் தன் பழைய வழியை மறவாது என்பதைக் காவிரிக்கரையினர் அறிவர். மலையாற்றுக்கும் அது பொருந்தும்.

ஆகவே, மலைநகரைக் காணச் செல்வோர் அங்குள்ள பருவத்தையும் அறிந்து செல்லுதல் வேண்டும். எப்போது ஏறலாம், எவ்வளவு தங்கலாம், எப்போது இறங்க வேண்டும் என்பவற்றை அவ்வூர் மக்களிடம் கேட்டறிதல் நன்று. கொண்டு சென்ற பொருள்களின் குப்பையை மலையில் விடாது திரும்பக் கொணர்தல் கடமை. மரம் இலையை விடுகிறது. இடையன் புல்வெளியை விடுகிறான். தெய்வமும் தன் கோயிலை ஆறு மாதம் பனியிடம் விட்டு இறங்கி வருகிறது. அடுத்த வைகாசியில் ஏறிச் செல்லும் வழி, ஐப்பசியில் காலமறிந்து இறங்கியவர்க்கே திறந்திருக்கும்.