வெள்ளி இரவுக்குள் யாரை மாற்றுவது?



போன எபிசோட்டில் கிளப் ஃபான்டசி லீக் பற்றி இரண்டு நிமிஷம்தான் கதைச்சனாங்கள். அதுக்குப் பிறகு வந்த மெசேஜ்களில் கனக்க ஒரே கேள்விதான்: "அண்ணா, மூன்று ட்ரான்ஸ்ஃபர்தான் மிச்சம் இருக்கு. யாரை எடுக்கிறது?" உங்கள் கிளப்பில் யார் யார் ஆடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால் பெயர் சொல்ல ஏலாது. எப்படி யோசிப்பது என்று சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இங்கே வீரர்கள் கோலியும் ரூட்டும் இல்லை, உங்கள் கிளப்பில் சனிக்கிழமை ஆடுகிற ஆட்கள்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு விலை. கொடுத்த பட்ஜெட்டுக்குள் முதலாம், இரண்டாம், மூன்றாம் அணிகளில் இருந்து பதினொரு பேரை எடுக்க வேண்டும். இங்கிலாந்தில் கிளப் ஆட்டங்களின் ஸ்கோர்கார்டு ஈ.சி.பி.யின் பிளே-கிரிக்கெட் தளத்தில் ஏறும் என்பதால் புள்ளி போடுவது லேசு. ஃபான்டசி பிரீமியர் லீக்கில் வாரம் ஒரு ட்ரான்ஸ்ஃபர் இலவசம், அதுக்கு மேலே எடுத்தால் நாலு புள்ளி போகும். எங்கள் லீக்கில் அப்படி இல்லை, பருவம் முழுக்கப் பதினைந்துதான். முடிஞ்சால் முடிஞ்சதுதான்.

1. முதலில் வருவாரா என்று பாருங்கள்

கணக்கு இதுதான்: விளையாடினால் எடுக்கும் சராசரிப் புள்ளியை, விளையாடும் வாய்ப்பால் பெருக்குங்கள். ஒருவர் ஆடினால் 60 புள்ளி, ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருக்கால்தான் வருவார் என்றால் அவர் பெறுமதி 30. இன்னொருவர் 40 புள்ளிதான், ஆனால் ஒவ்வொரு சனியும் நிற்பார். இரண்டாமவர்தான் நல்ல வாங்கல்.

இதுக்குக் கலண்டர் போதும். மே, ஜூனில் ஜி.சி.எஸ்.ஈ., ஏ-லெவல் பிள்ளைகள் பரீட்சையில் இருப்பார்கள். அது முடிய அவர்களும், யூனியில் இருந்து வீட்டுக்கு வருகிறவர்களும் விலை குறைவாகவே கிடைப்பார்கள். ஜூலைக் கடைசியில் பள்ளி விடுமுறை. எங்கட ஆட்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் பறப்பார்கள். சனிக்கிழமைக் கல்யாணங்களும் இருக்கு. யாருக்கு எப்போது ஃப்ளைட் என்று தேநீர் இடைவேளையில் கேட்டு வையுங்கள்.

2. போன வாரம் நூறு அடித்தவரைத் துரத்தாதீர்கள்

ஒருவர் 112 அடித்தால் அந்த இரவே எல்லாரும் அவரை வாங்குவார்கள். அந்த 112இல் திறமையும் இருக்கு, அதிர்ஷ்டமும் இருக்கு: ஆறில் விட்ட பிடி, ஒரு பக்கத்துக் குட்டி எல்லை, எதிரணியில் ஒன்பது பேர். திறமை அடுத்த வாரமும் வரும், அதிர்ஷ்டம் வரும் என்று இல்லை. இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். 1886இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை ஒப்பிட்டுக் காட்டியது இதைத்தான்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரம்தான், ஆனால் சராசரியாகப் பார்த்தால் பெற்றோர் அளவுக்கு இல்லை. ஒரு இன்னிங்ஸை விட்டுவிட்டுக் கடைசி இருபதைப் பாருங்கள்.

3. மேல் அணிக்குப் போகிறவரை விற்கலாம்

கேட்கத் தலைகீழாகத்தான் இருக்கும். இரண்டாம் அணியில் மூன்றாவதாக இறங்கி, பத்து ஓவர் போட்டவர் முதலாம் அணிக்குப் போனால் எட்டாவதாக இறங்குவார், பந்தும் கிடைக்காது. கிளப்புக்குச் சந்தோஷம், உங்கள் புள்ளிக்கு நட்டம். மறுவளமாக, காயத்தில் இருந்து திரும்பி மூன்றாம் அணியில் ஆடும் நல்ல சகலதுறை வீரர் பெரிய லாபம்.

4. எல்லாரையும் ஒரே அணியில் எடுக்காதீர்கள்

அந்த மைதானத்தில் மழை பெய்தால் பதினொரு பேருக்கும் பூஜ்யம். மழை இல்லாவிட்டாலும், தொடக்க ஜோடியே இலக்கை எட்டினால் மற்றவர்கள் பேட் கட்டிக்கொண்டு வெயில் காய்வதுதான். மூன்று அணிகளிலும் பிரித்து எடுங்கள்.

5. ஓகஸ்டுக்கு நாலு மிச்சம் வையுங்கள்

ஆட்கள் அதிகம் காணாமல் போகும் மாதம் அது. அப்போது கையில் ட்ரான்ஸ்ஃபர் இருப்பவர்தான் மேலே ஏறுவார்.

இனி என்ர கதை. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் மூன்றாம் அணியில் பதினாறு வயதுத் தம்பி ஒருவன் வேகப்பந்து போட்டான். ஒரு சனி தவறாமல் வருவான். ஒரு நாள் ஆறு ஓவரில் நல்லா அடி வாங்கினான். அன்றிரவே அவனை விற்று, நூறு அடித்த ஒருவரை வாங்கினேன். லீக்கின் புரோகிராம் நான் எழுதினது. யார் யாரை விற்றார்கள் என்று எல்லாருக்கும் காட்டுகிற பக்கமும் நான் போட்டதுதான். அடுத்த பயிற்சியில் தம்பி வந்து கேட்டான்: "அண்ணா, என்னை வித்துப்போட்டீங்களோ?" சிரிச்சுக்கொண்டுதான் கேட்டான். அடுத்த இரண்டு சனியும் அவன் வரேல்லை. மூன்றாம் அணி பத்துப் பேரோடு ஆடியது, பிறகு ஒன்பது பேரோடு. நான் வாங்கின ஆள் ஊருக்குப் போயிட்டார்.

ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அண்ணா" என்றான், அடுத்த கிழமை வந்தான். கடைசி ட்ரான்ஸ்ஃபரில் அவனைத் திரும்ப எடுத்தேன். முதலாவது டிப்பில் உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்தாலும் அவன்தான் சரியான ஆள், நான்தான் போடேல்லை.

அந்தப் பக்கத்தை அன்றே எடுத்துவிட்டேன். இப்போது யார் யாரை விற்றார்கள் என்பது பருவம் முடிந்தாலும் தெரியாது, வாங்கினவர்களின் எண்ணிக்கை மட்டும் தெரியும். உங்கள் லீக்கை நடத்துவது நீங்கள் என்றால் இதையும் ஒருக்கால் பாருங்கள். சனிக்கிழமை பதினொரு பேர் வரவேண்டும் என்றுதானே இந்த விளையாட்டைத் தொடங்கினோம்.

இந்த வாரம் யாரை விற்றீர்கள் என்று எனக்கு மட்டும் எழுதுங்கள். அடுத்த எபிசோட்டில் பெயர் சொல்லாமல் கதைப்பம்.