நாவலிற் பேசியவனும் திரையில் ஊமையானவனும்

தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் நிலைக்களங்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுத்தார். மேனாட்டு அச்சநாவல்கள் பெரும்பாலும் முதலாவதாகிய அணங்கின்பாற்படுவன. ஆயின் அவற்றுள் மிகப் புகழ்பெற்ற ஒன்று அச்சத்தோடு நில்லாது அழுகையின் எல்லைக்குட் புகுந்துவிடுகின்றது. அழுகைக்கு நிலைக்களமாகத் தொல்காப்பியர் முதற்கண் வைத்தது இளிவு. அஃதாவது, பிறரால் இகழப்பட்டு எளியனாதல். 1818ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் இலண்டனில் வெளிவந்த 'பிராங்கென்ஸ்ரைன்' என்னும் நாவல், இளிவிலிருந்து வெகுளி பிறந்த வரலாற்றையே கூறுகின்றது. 1931ஆம் ஆண்டில் அதனைத் திரையிற் கண்ட உலகமோ அச்சத்தை மாத்திரம் நினைவில் வைத்துக்கொண்டது.

அச்சநாவல்களை விரும்பிப் படிப்போரும் அவற்றின் திரைப்படங்களை விரும்பிக் காண்போரும் ஓரிடத்திற் கூடினால் வழக்கு எழாமற் போவதில்லை. நூலில் இல்லாததைப் படத்திற் புகுத்திவிட்டனர் என்பர் ஒருசாரார்; ஏட்டிலுள்ளதை அவ்வாறே காட்டினாற் படமாகுமா என்பர் மற்றொருசாரார். சிலவேளைகளில் நூலாசிரியரே வழக்காளியாக வந்துவிடுவதுமுண்டு. ஸ்ரீபன் கிங் 1977இல் எழுதிய 'த ஷைனிங்' என்னும் நாவலை ஸ்ரான்லி குப்ரிக் 1980இற் படமாக்கியபோது, ஆசிரியருக்கு அப்படம் பிடிக்கவில்லை. 1997இல் அக்கதையைத் தொலைக்காட்சிக்கெனத் தாமே மீண்டும் எழுதினார். வேறு சிலவேளைகளில் படம் புனைந்தது நூலின் கூற்றாகவே நிலைத்துவிடும். இரத்தங்குடிக்கும் பேயின்மீது சூரியவொளி பட்டால் அது மாயும் என்பது இன்று சிறுவரும் அறிந்த செய்தி. பிராம் ஸ்ரோக்கர் 1897இல் வெளியிட்ட 'திராக்குலா' நாவலில் அச்செய்தி இல்லை. அங்கே திராக்குலா பகலிலும் நடமாடுகின்றான். சூரியவொளியால் மாய்தல், 1922இல் ஜேர்மனியில் மூர்ணோ எடுத்த 'நொஸ்பெராற்று' என்னும் ஊமைப்படம் தந்தது. உரிமை பெறாது எடுக்கப்பட்ட அப்படத்தின் பிரதிகளை அழித்துவிடுமாறு ஸ்ரோக்கரின் மனைவியார் நீதிமன்றத்தில் ஆணை பெற்றார். ஆணைக்குத் தப்பிய சில பிரதிகளால் அப்படமும் வாழ்ந்தது, அப்புனைவும் வாழ்ந்தது.

பிராங்கென்ஸ்ரைன் கதைபற்றிய வழக்கில் நூல் கற்றோர் முதலிற் கூறும் திருத்தம் ஒன்றுண்டு. பிராங்கென்ஸ்ரைன் என்பது அந்தப் பயங்கர உருவத்தின் பெயரன்று, அதனைப் படைத்த மாணவனின் பெயர் என்பதே அது. திருத்தம் சரியானதே, ஆயினும் சிறியது. படைக்கப்பட்டவனுக்கு நாவலிலே பெயர் கிடையாது. அவன் ஒரு பெயரிலி. பெயரிலிக்குத் தவறான பெயர் வழங்கியது பெரிய இழப்பன்று. அவனுக்கு உரியதாயிருந்த ஒரேயொரு செல்வம் பறிபோனமையே இழப்பு. அச்செல்வம் பேச்சு.

1815ஆம் ஆண்டு ஏப்ரலிலே சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தெழுந்தது. அதன் தூசி வானத்தை மூடியமையால், 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவிற் கோடையற்ற ஆண்டாயிற்று. அவ்வாண்டு ஜெனீவா ஏரிக்கரையிலே, பைரன் பிரபு தங்கியிருந்த மாளிகையில் மழைக்கு அடைபட்டிருந்தோர் பேய்க்கதை படித்துப் பொழுது போக்கினர். ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன். அக்கூட்டத்திலே பதினெட்டு வயது நிரம்பியிருந்த மேரி, பின்னர்க் கவிஞர் ஷெல்லியின் மனைவியானவர், தொடங்கிய கதையே இந்நாவல். அது முதலில் ஆசிரியர் பெயரின்றி மூன்று பாகங்களாக ஐந்நூறு பிரதிகளே அச்சாயிற்று.

நாவலின் அமைப்புக் கவனிக்கத்தக்கது. வடதுருவம் நோக்கிக் கப்பலிற் செல்லும் வால்ற்றன் தன் தமக்கைக்குக் கடிதம் எழுதுகின்றான். அக்கடிதத்தினுள்ளே விக்ரர் பிராங்கென்ஸ்ரைன் தன் கதையைக் கூறுகின்றான். அக்கதையினுள்ளே, நூலின் நடுநாயகமாக, பெயரிலி தன் கதையைத் தானே கூறுகின்றான். கண்விழித்த அன்றே படைத்தவனால் வெறுத்துக் கைவிடப்பட்ட அவன், காட்டில் அலைந்து, ஒரு வறிய குடும்பத்தின் குடிலையடுத்த கொட்டிலில் ஒளிந்திருக்கின்றான். சுவரின் இடுக்கு வழியாக அவர்களைப் பார்த்தும் கேட்டும் மொழி கற்கின்றான். இரவிலே அவர்களுக்கு விறகு வெட்டி வைக்கின்றான். காட்டிற் கண்டெடுத்த தோற்பையிலிருந்த மூன்று நூல்கள் அவனுக்கு ஆசான்களாகின்றன: மில்ற்றனின் 'இழந்த சொர்க்கம்', புளூற்றாக்கின் பெரியோர் வரலாறுகள், கதேயின் 'வெர்தர்'. ஆதாமுக்கு அவனைப் படைத்தவனின் அன்பு இருந்தது, தனக்கு அதுவுமில்லை என்று அவன் உணரும் இடத்தில், படிப்போர் பேய்க்கதை படிப்பதையே மறந்துவிடுவர். இவ்வளவும் ஆனபின்னரே அவன் கொலைஞனாகின்றான். அவன் செய்த கொலைகளை நாவல் மறைக்கவில்லை. அவற்றுக்கு அவன் கூறும் நியாயத்தையும் நாவல் மறைக்கவில்லை.

அவனை முதலில் ஊமையாக்கியது திரைப்படம் என்பது தவறு. 1823ஆம் ஆண்டு ஜூலையிலே இலண்டனில் மேடையேறிய பீக் என்பாரின் நாடகத்திலேயே அவன் பேச்சிழந்தான். அந்நாடகத்திற்றான் பிரிற்ஸ் என்னும் உதவியாளனும் தோன்றினான். நாவலில் விக்ரர் தனியனாகவே தொழில் செய்தவன். நடிகர் பெயர்ப்பட்டியலில் பெயரிலியின் பெயருக்குரிய இடத்திலே வெறுங்கோடு இடப்பட்டிருந்தது. நாடகத்தை நேரிற் கண்ட மேரி ஷெல்லி, பெயரற்றவனைக் குறிக்க இது நல்ல வழியென்று மகிழ்ந்தார். யூனிவர்சல் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் வேல் 1931இல் எடுத்த படம், நாவலைவிட இத்தகைய மேடை நாடகங்களுக்கே அணுக்கமானது. அதன் தொடக்கப் பட்டியலிலும் நடிகர் பெயருக்குப் பதிலாக ஒரு வினாக்குறியே நின்றது.

நாவலுக்கும் இப்படத்துக்குமுள்ள தூரத்தை அறிய ஒரு காட்சி போதும். நாவலிலே, மனிதரால் விரட்டப்பட்ட பெயரிலி ஆற்றோரக் காட்டில் மறைந்து நிற்கின்றான். விளையாடி ஓடிவந்த சிறுமியொருத்தி கால் வழுக்கி வெள்ளத்தில் வீழ்கின்றாள். அவன் பாய்ந்து அவளைக் கரைசேர்த்து உயிர்ப்பிக்க முயல்கின்றான். அவ்வேளை வந்த ஒருவன் சிறுமியைப் பறித்துக்கொண்டோடுகின்றான். பின்தொடர்ந்தவனைத் துவக்காற் சுடுகின்றான். நன்மைக்குக் கிடைத்த கூலி தோளிற் பாய்ந்த குண்டு. திரைப்படத்திலும் நீரும் சிறுமியும் உண்டு. மரியா என்னும் அச்சிறுமி அவனோடு அமர்ந்து, பூக்களை ஏரியில் எறிந்து மிதக்கவிட்டு விளையாடுகின்றாள். பூக்கள் முடிந்தபின், அவளும் பூவைப்போல மிதப்பாள் என்றெண்ணி அவன் அவளையே தூக்கி எறிந்துவிடுகின்றான். காப்பாற்றியவன் கொன்றவனானான். தணிக்கையாளர் அவன் எறியுந் தருணத்தை வெட்டிவிட்டமையால், பல்லாண்டுகளாகப் படம் பார்த்தோர் அவன் சிறுமியை நோக்கிக் கைநீட்டுவதை மட்டும் கண்டு, அதனினுங் கொடிய செயலைத் தாமே ஊகித்துக்கொண்டனர். வெட்டிய பகுதி 1980களிலேதான் மீண்டும் சேர்க்கப்பட்டது. தணிக்கை ஒருவனைக் குற்றவாளியாக்கியதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது.

மற்றொரு மாற்றம் இன்னும் ஆழமானது. படத்திலே பிரிற்ஸ், நல்ல மூளையிருந்த கண்ணாடிச் சாடியை அச்சத்தாற் கைதவறி உடைத்துவிட்டு, குற்றவாளியொருவனின் மூளையைக் கொண்டுவந்து கொடுக்கின்றான். ஆகவே தீமை பிறப்பிலேயே புகுந்துவிட்டது. படைத்தவனும் ஊராரும் அவனை நடத்தியவிதம் இரண்டாங்காரணமாகிவிட்டது. நாவலிலே இத்தகைய மூளைக்கதை எதுவுமில்லை. அங்கே அவன் நல்லவனாகவே கண்விழித்தான். இகழ்ச்சியே அவனைக் கொடியவனாக்கிற்று. படம் காரணத்தைச் சாடியில் அடைத்துவிட்டபடியால், காண்போருக்கு அவன்மீது இரக்கம் உண்டாகலாம். தம்மீது ஐயம் உண்டாகாது.

இவ்விடத்திலே படத்தை விரும்புவோரின் வாதத்தையுங் கேட்டல் வேண்டும். அது எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. போரிஸ் கார்லொவ் என்னும் நடிகர் பேச்சின்றியே இரக்கத்தைப் பிறப்பித்தார். கூரையின் கதவு திறக்கப்பட, முதன்முதலாக ஒளி அவன்மீது விழுகின்றது. அவன் தலைநிமிர்ந்து, ஒளியைப் பிடிக்க விரும்புவான்போலப் பெருங்கைகளை உயர்த்துகின்றான். கதவு மூடப்பட, இருளில் நின்று, ஒளியை இரப்பவன்போலக் கைகளை நீட்டுகின்றான். நாவலில் ஒரு முழு அதிகாரம் சொல்வதை அக்கைகள் சொல்லிவிடுகின்றன. மில்ற்றனைக் கற்றவனை எழுபது நிமிடப் படத்திற் பேசவிட்டிருந்தால் அது பிரசங்கமாய் முடிந்திருக்கும் என்று இவர்கள் கூறுவதிலும் உண்மையுண்டு. 1935இல் வெளிவந்த தொடர்ச்சிப்படத்திலே பெயரிலி சில சொற்களைக் கற்றுப் பேசியபோது, கார்லொவே அதனைத் தவறென்று கருதினார்.

எனினும் இரு கலைகளுக்குமுள்ள வேறுபாட்டை மேரி ஷெல்லி தம் நாவலுக்குள்ளேயே எழுதிவைத்துவிட்டார். குடிலில் வாழ்ந்த குடும்பத்திடம் தன்னை அறிமுகஞ்செய்ய எண்ணிய பெயரிலி, மற்றையோர் வெளியே சென்றபின், கண்பார்வையற்ற முதியவரிடமே முதலிற் செல்கின்றான். முதியவர் அவன் குரலை மாத்திரம் கேட்டு, அன்போடு உரையாடுகின்றார். மகன் பீலிக்ஸ் திரும்பி வருகின்றான், உருவத்தைக் காண்கின்றான், தடியால் அடித்துத் துரத்துகின்றான். நாவல் படிப்போர் அந்த முதியவரின் இடத்தில் இருப்பவர். அவர்கள் அவ்வுருவத்தைக் காண்பதில்லை; அவன் சொல்லையே கேட்கின்றனர். படங்காண்போர் பீலிக்ஸின் இடத்தில் இருத்தப்படுகின்றனர். ஜாக் பியர்ஸ் செய்த ஒப்பனை, தட்டையான தலை, கழுத்திற் பொருத்திய இரும்புமுளைகள் ஆகியன கண்ணில் விழுந்தபின்னரே வேறெதுவும் நிகழவேண்டியிருக்கின்றது. ஆகவே இயக்குநர் நேர்மையீனராய் நாவலைச் சிதைத்தார் என்று முடித்துவிடுவது எளிய தீர்ப்பு. காட்சிக்கலையே பீலிக்ஸின் கண்களைக் கொண்டுதான் பார்க்கவேண்டியிருக்கின்றது.

பிற்காலத்தார் அவனுக்குப் பேச்சை மீட்டுக்கொடுக்க முயன்றனர். 1994இல் கெனத் பிரானா எடுத்த படத்திலே றொபேர்ட் டி நீரோ பேசும் பெயரிலியாக நடித்தார். 2011இல் இலண்டன் தேசிய அரங்கிலே டானி பொயில் இயக்கிய நாடகம், படைத்தவனை விட்டுப் படைக்கப்பட்டவனிலிருந்தே கதையைத் தொடங்கிற்று. இரு நடிகர் இரு பாத்திரங்களையும் மாறிமாறி ஏற்றனர். 2025இல் வெளிவந்த கியர்மோ டெல் தோரோவின் படத்தின் பிற்பகுதியில் அவன் தன் கதையைத் தானே கூறுகின்றான். இப்படங்களையும் நூல் கற்றோர் குறைகூறாமலில்லை. வழக்கு இன்னும் நடந்துகொண்டேயிருக்கின்றது.

நாவலில் இருமுறை கண்கள் மூடப்படுகின்றன. அல்ப்ஸ் மலைப் பனியிலே, தன்னைக் கண்டு அருவருத்த விக்ரரின் கண்களைப் பெயரிலி தன் கையாற் பொத்தி, இனியாவது கேள் என்று வேண்டுகின்றான். இறுதியிலே, கப்பலில் விக்ரரின் சடலத்தருகே அழுதுநிற்கும் பெயரிலியை வால்ற்றன் முதன்முறையாக நேரிற் காண்கின்றான். அம்முகத்தைப் பார்க்கமாட்டாதவனாய்க் கண்களைத் தானே மூடிக்கொள்கின்றான். மூடியபடியே, போகாமல் நில் என்று அவனை அழைக்கின்றான்.