ஒரு வாக்கும் ஒரு கோடி ரூபாவும்

கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவர் ஒரு பங்கை வைத்திருந்தாலும் நூறு பங்குகளை வைத்திருந்தாலும் பொதுக்கூட்டத்தில் அவருக்கு ஒரேயொரு வாக்குத்தான் உண்டு. கம்பனியில் அப்படியல்ல. அங்கே பங்குகளின் எண்ணிக்கையே வாக்குகளின் எண்ணிக்கை. கூடுதலான பங்குகளைக் கொண்டவரே முடிவெடுப்பார். நாட்டின் ஆட்சி இந்த இரண்டில் எம்முறையில் நடைபெற வேண்டும் என்று கேட்டால், கூட்டுறவு முறையில்தான் என்று எவரும் தயங்காமல் கூறுவர். ஏழைக்கும் ஒரு வாக்கு, செல்வந்தருக்கும் ஒரு வாக்கு என்பதே சனநாயகத்தின் அத்திவாரம்.

ஆனால் சட்டப் புத்தகத்தில் கூட்டுறவாக இருக்கும் ஆட்சி, நடைமுறையில் கம்பனியாக மாறிவிடக்கூடும். யாருடைய வாக்கும் பறிக்கப்படாமலே இது நிகழலாம். இதனை விளங்கிக்கொள்ள, எமது அயல்நாடான இந்தியாவில் 2018 முதல் 2024 வரை நடைமுறையிலிருந்த தேர்தல் பத்திரத் திட்டம் நல்லதோர் உதாரணமாகும்.

பத்திரம் இயங்கிய விதம்

தேர்தலுக்குப் பணம் தேவை. சுவரொட்டி, வாகனம், மேடை, விளம்பரம் யாவும் செலவுதான். எனவே கட்சிகள் நன்கொடை பெறுவதைக் குற்றமென்று சொல்லிவிட முடியாது. யார் கொடுக்கிறார்கள், எவ்வளவு கொடுக்கிறார்கள், கைம்மாறாக எதை எதிர்பார்க்கிறார்கள் என்பவையே கேள்விகள்.

2017ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அப்போதைய நிதி அமைச்சர் அருண் ஜேட்லி இத்திட்டத்தை அறிவித்தார். கறுப்புப் பணத்தைத் தடுத்து, நன்கொடைகளை வங்கி மூலம் வழங்கச் செய்வதே நோக்கம் எனக் கூறப்பட்டது. இதன்படி, தனியாள் ஒருவரோ கம்பனியோ இந்திய ஸ்டேட் வங்கியின் குறித்த கிளைகளில் 1,000 ரூபா தொடக்கம் ஒரு கோடி ரூபா வரை பெறுமதியான பத்திரங்களை வாங்கி, விரும்பிய கட்சிக்குக் கொடுக்கலாம். கட்சி அதனை 15 நாட்களுக்குள் தனது கணக்கில் வைப்பிலிட வேண்டும். பத்திரத்தில் வாங்கியவரின் பெயர் இராது. கொடுத்தவர் யாரென்று கட்சி தேர்தல் ஆணையத்திற்கு அறிவிக்கவும் தேவையில்லை.

இதற்காகச் சட்டங்கள் திருத்தப்பட்டன. முன்னர் ஒரு கம்பனி, கடந்த மூன்று ஆண்டுகளில் தான் பெற்ற சராசரி இலாபத்தில் 7.5 வீதத்திற்கு மேல் கட்சிகளுக்கு வழங்க முடியாதிருந்தது. அந்த எல்லை நீக்கப்பட்டது. எக்கட்சிக்குக் கொடுத்தோம் என்பதைத் தனது கணக்கில் காட்டும் கடமையும் கம்பனிக்கு இல்லாமற் போயிற்று. ஆகவே இலாபமே இல்லாத கம்பனியும் கோடிக்கணக்கில் வழங்கலாம் என்றாயிற்று. நன்கொடை கொடுப்பதற்கென்றே பெயரளவிலான கம்பனிகள் தோன்றக்கூடும் என்று தேர்தல் ஆணையமே 2017இல் எச்சரித்தது. ஆயினும் திட்டம் நிறைவேறியது.

இருட்டில் இருந்தவர் யார்?

பத்திரம் கொடுத்தவருக்குத் தான் கொடுத்தது தெரியும். கையில் வாங்கிய கட்சிக்காரருக்கும் தெரியக்கூடும். விற்ற வங்கியோ அரசுக்குச் சொந்தமானது. வாங்கியவரின் விபரம் அங்கே பதிவிலிருந்தது. புறஊதா ஒளியில் மட்டுமே தெரியும் இலக்கமொன்று பத்திரங்களில் இருந்ததைப் பத்திரிகையாளர் 2018இல் கண்டறிந்தனர். இருட்டில் விடப்பட்டவர் வாக்காளர் ஒருவரே.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். ஆயிரம் ரூபாப் பத்திரம் சாதாரண மக்களுக்கென்று வைக்கப்பட்டிருந்தாலும், விற்பனையான பெறுமதியில் 90 வீதத்திற்கும் மேற்பட்டது ஒரு கோடி ரூபாப் பத்திரங்களாகவே இருந்தது. கமக்காரனோ கடற்றொழிலாளியோ அவற்றை வாங்கியிருக்க முடியாது.

தீர்ப்பும் வெளிவந்த பட்டியலும்

2024 பெப்ரவரி 15ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்கள் ஏகமனதாக இத்திட்டத்தை இரத்துச் செய்தனர். கட்சிகளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதை அறிவது வாக்காளரின் உரிமை என்றும், கம்பனிகள் எல்லையின்றிக் கொடுக்க விடுவது சமத்துவத்திற்கு முரணானது என்றும் அவர்கள் தீர்ப்பளித்தனர். விபரங்களை வெளியிட வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. பொதுத்தேர்தல் அதற்கு முன்னரே முடிந்துவிடும். நீதிமன்றம் மறுத்தது. வாக்களிப்புத் தொடங்குமுன்னரே, மார்ச் மாதத்தில், பட்டியல்கள் வெளிவந்தன.

2019 ஏப்ரல் முதலான அப்பட்டியல்களில் கூடுதலாக வாங்கியது 'பியூச்சர் கேமிங்' என்னும் லொத்தர் கம்பனி. தொகை 1,368 கோடி ரூபா. அடுத்தது, அரசின் பெரும் ஒப்பந்த வேலைகளைச் செய்துவரும் 'மேகா எஞ்சினியரிங்' கம்பனி. அது ஏறத்தாழ 966 கோடிக்கு வாங்கியிருந்தது. மத்தியில் ஆளும் பாரதிய ஜனதா கட்சிக்கு 6,000 கோடிக்கு மேல் கிடைத்திருந்தது. அதற்கு மட்டுமே கிடைத்தது என்றில்லை. திரிணாமுல் காங்கிரஸ், காங்கிரஸ் ஆகியனவும் பெருந்தொகை பெற்றன. தமிழ்நாட்டின் திராவிட முன்னேற்றக் கழகம், தான் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அந்த லொத்தர் கம்பனியிடமிருந்து வந்ததாகத் தானே தெரிவித்தது.

பட்டியலில் பெயர் இருப்பதனால் மட்டும் ஒருவர் இலஞ்சம் கொடுத்தார் என்று நாம் முடிவுகட்டக் கூடாது. விசேட விசாரணைக் குழு அமைக்கும்படி கேட்ட மனுக்களை அதே நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் ஏற்கவில்லை. ஆனால் பட்டியல் கையில் இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும். எந்தக் கம்பனிக்கு எந்த ஒப்பந்தம் எப்போது கிடைத்தது, யார் மீதான விசாரணை எந்தக் கட்டத்தில் இருந்தது என்றெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க ஆறு ஆண்டுகளாக மக்களுக்கு வழியில்லாதிருந்தது.

கிராமத்திற்கு இதனால் என்ன?

பெரும் பணம் வாக்குச்சாவடிக்குள் நுழைந்து எமது கையைப் பிடிப்பதில்லை. அது வாக்களிப்புக்கு முன்னரும் பின்னரும் வேலை செய்கிறது. முன்னர், எந்த வேட்பாளரின் குரல் ஊரெங்கும் கேட்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பின்னர், அமைச்சரின் கதவு யாருக்குத் திறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆற்றில் மணல் அள்ளும் கம்பனியும், அதனால் கிணறு உவராகிப்போன கிராமமும் ஒரே அதிகாரியிடம் முறையிடச் செல்வதாக வைத்துக்கொள்வோம். தேர்தலுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பது தெரியாவிட்டால், தீர்ப்பு ஏன் அப்படி அமைந்தது என்பதும் கிராமத்திற்குத் தெரியவராது.

எமது நாட்டிலும் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் இப்போது நடைமுறையில் உள்ளது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்ற கணக்கில் வேட்பாளரின் செலவுக்கு உச்ச எல்லை விதிக்கப்பட்டது. அது ஏறத்தாழ 187 கோடி ரூபாவாகும். முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள், பெற்ற நன்கொடைகளையும் செய்த செலவுகளையும் வேட்பாளர்கள் கணக்குக் காட்ட வேண்டும்.

இந்தச் சட்டம் நல்லதொரு தொடக்கம். ஆனால் எவரும் படிக்காத கணக்கினால் பயனில்லை. எமது சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது, பொருளாளர் நல்லவர் என்பதற்காக நாம் கேள்வி கேட்காமல் விடுவதில்லை. கேட்பது அவரை அவமதிப்பதும் அல்ல. அதே பழக்கத்தைத் தேர்தலுக்கும் கொண்டுசெல்வோம். வாக்குக் கேட்டு வருபவரிடம் வீதி எப்போது போடுவீர்கள் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், இந்த வாகனங்களுக்கும் சுவரொட்டிகளுக்கும் பணம் கொடுத்தவர் யார் என்றும் கேட்போம். தேர்தல் முடிந்த பின் அவர் காட்டிய கணக்கைத் தேடிப் படித்து, சனசமூக நிலையத்தில் நாலுபேருடன் பேசுவோம். தனியொருவர் கேட்டால் அது முணுமுணுப்பாகவே போய்விடும். ஊராகச் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.